மாடிப்படிக்கு யார் காவல்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அடுக்குமாடி வீட்டு உரிமையாளர் சங்கங்களின் தலைவர், காரியதரிசி, பொருளாளர் ஆகியோருக்கும், உள்ளூரிலும் வெளியூரிலும் வசிக்கும் சகல அங்கத்தினர்களுக்கும்:

ராஜபாளையத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக ஜீவனம் நடத்துகிறவன் நான். பிறருக்காக மனு எழுதியே பழகிய கை, இப்போது தன் பொருட்டும், தன்னைப் போல் இவ்விரு ஊர்களிலும் மாடிவீடுகளில் குடித்தனம் இருக்கும் பலர் பொருட்டும் ஒரு மனு எழுத முற்பட்டிருக்கிறது. இதைக் கோர்ட்டில் தாக்கல் செய்யாமல் தங்கள் சமூகத்தில் வைப்பதற்குக் காரணம், இதில் வேண்டப்படும் பரிகாரத்தை அளிக்கும் சக்தி எந்த நீதிபதியிடமும் இருப்பதைக் காட்டிலும் தங்களிடமே அதிகமாக இருக்கிறது என்பதுதான். ஜில்லாவின் பெயர் விருதுநகர் ஆனாலும் ஜில்லா கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. பூட்டை உடைத்த வழக்குகளின் கட்டுகள் என் கண்ணில் படுவது அதனால்தான்.

வீட்டுக்குள் இருப்பதைப் பற்றி நான் முறையிட வரவில்லை. அது அவரவர் பொறுப்பு. வாசற்கதவைத் தாண்டிக் கால் வைத்தவுடன் தொடங்குகிற நடைவழி, படிக்கட்டு, கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துமிடம், மின்மீட்டர்கள் வரிசையாகப் பொருத்திய சுவர், மோட்டார் அறை, மொட்டைமாடி, சுற்றுச்சுவர் ஆகியவற்றை, அதாவது சட்டம் பொது இடங்கள் என்று பெயரிட்டு ஒவ்வோர் உரிமையாளருக்கும் பிரிபடாத பாகமாக ஒதுக்கியிருக்கும் அந்த இடங்களைப் பற்றியே பேசுகிறேன். கிரயப் பத்திரங்களில் அந்தப் பாகத்தைச் சதுர அடிக் கணக்கில், புள்ளிக்குப் பின்னும் இரண்டு இலக்கம் விடாமல் எழுதியிருப்பதை நான் பலமுறை நகல் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாகத்துக்குச் சொந்தக்காரராகிறவர் அந்தப் படிக்கட்டின் இருட்டுக்கும் அதே விகிதத்தில் சொந்தக்காரராகிறார் என்பதை உணர்ந்து கையெழுத்திட்டவர் ஒருவரையேனும் நான் கண்டதில்லை.

எங்கள் கட்டடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றச் சங்கத்தார் இது தம்மைப் பற்றியதன்று என்று மடலை மடித்து வைத்துவிடுவார்கள். கீழ்த்தளத்து இரும்பு மடக்குக் கதவுக்கு நல்ல கனமான பூட்டு ஒன்று உண்டு. அதன் சாவி, மீட்டர் பலகையின் மேல்விளிம்பில், பால்காரர், பேப்பர் போடும் பையன், தண்ணீர் கேன் கொண்டுவருபவர், சிலிண்டர் தூக்கிவருபவர் ஆகிய சகலருக்கும் கைக்கெட்டும்படி வைக்கப்பட்டிருக்கிறது. வருகைப் பதிவேடு என்று நீள நோட்டு ஒன்றும் உண்டு. அதில் பெயர் என்னும் பத்தியில் ‘மாமா’ என்றும், வந்த காரணம் என்னும் பத்தியில் ‘சும்மா’ என்றும் எழுதிவிட்டு உள்ளே போனவர்களின் கையெழுத்துகளை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாம் மாடித் திருப்பத்து விளக்கு எரிவதில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பித்தளை வால்வை ஓர் இரவில் யாரோ கழற்றிப் போனார்கள்; காலையில் குழாயில் தண்ணீர் நின்ற பிறகுதான் மேலே ஒருவர் வந்துபோன சங்கதி கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அடுத்தபடி மோட்டாருக்குப் போகும் தாமிரக் கேபிள் போயிற்று. அதற்கும் அடுத்தபடி, பக்கப்பூட்டுப் போட்டு நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிள். களவாணி அவசரப்படவில்லை; ஒன்றை எடுத்துப் பார்த்து, கேட்பாரில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே அடுத்ததில் கைவைத்திருக்கிறான்.

இதைக் காரியதரிசியிடம் சொன்னபோது அவர் கோபிக்கவுமில்லை, அலட்சியம் செய்யவுமில்லை. “ஓனர்கள்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன், அண்ணாச்சி” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சம்பளமில்லாத அந்தப் பதவிக்கு வேறொருவரும் முன்வராததால் அதைத் தலையில் கட்டிக்கொண்டவர் அவர். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் நம் சங்கங்களின் வியாதி முழுவதும் அடங்கியிருக்கிறது. இவ்விரு ஊர்களிலும் மாடிவீடு வாங்கியவர்களில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ உத்தியோகம் பார்ப்பவர்கள். ஓய்வுக்காலத்தில் ஊர் திரும்பலாம் என்றோ, பணத்தை மண்ணில் போட்டால் மோசம் போகாது என்றோ வாங்கியவர்கள். அவ்வீடுகளில் இன்று இரவு படுத்துறங்குகிறவர்களோ, மாற்றலாகி வந்த வங்கி உத்தியோகஸ்தர்கள், மில் அலுவலர்கள், கல்லூரி ஆசிரியைகள், ஆஸ்பத்திரித் தாதிகள், என்னைப் போன்ற கோர்ட்டுப் பிழைப்புக்காரர்கள். வாக்குள்ளவர் வசிப்பதில்லை; வசிப்பவருக்கு வாக்கில்லை. இருட்டில் படியேறுகிறவளுக்கு விளக்கைப் பற்றித் தீர்மானம் கொண்டுவர அதிகாரமில்லை. அதிகாரமுள்ளவர் அந்தப் படியில் இருட்டிய பிறகு ஏறியதே இல்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றே. மற்றவை எல்லாம் இதற்கு ஆதாரமாகவும் உபகதையாகவும் வருபவை.

சட்டத்தின் மேல் பழி போடுவது சுலபம். 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டத்தை நீக்கி, அதன் ஸ்தானத்தில் 2022-ஆம் வருஷத்துச் சட்டம் இயற்றப்பட்டு, 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. பொது இடங்களை நிர்வகிக்கும் பொறுப்பைச் சங்கத்தின் தோளில் வைக்கும் இச்சட்டம், சங்கம் என்று சொல்லும்போது உரிமையாளர்களின் சங்கத்தையே சொல்கிறது என்பது மெய்தான். ஆயினும், குடித்தனக்காரர்களைப் பொதுக்குழுவுக்கு அழைத்து உட்காரவைத்து, பாதுகாப்பைப் பற்றி அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்டு, அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொள்வதை அச்சட்டமும் தடுக்கவில்லை, பெரும்பாலான சங்கங்கள் பதிவாகியிருக்கும் 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டமும் தடுக்கவில்லை. தடுப்பது பழக்கம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைதாரர் சட்டமோ ஒருபடி மேலே போய், நடைவழி விளக்கையும் மாடிப்படி விளக்கையும் தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றோடு சேர்த்து அத்தியாவசியச் சேவை என்றே கணக்கிடுகிறது. ஆகையால் இரண்டாம் மாடித் திருப்பத்து விளக்கு தங்களுடைய தயவைப் பொறுத்ததன்று என்பதை மரியாதையுடன் ஞாபகப்படுத்துகிறேன்.

வெளியூர் உரிமையாளர்கள் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்லவில்லை. பொதிகை வண்டியில் ஆடிப்பூரத் தேருக்கு ஒருமுறையும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஒருமுறையும் வந்திறங்கும் அவர்கள், பட்டப்பகலில் தம் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். பகலில் தெரிவது சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். ஆகவே அவர்கள் வர்ணம் அடிக்கவும், வாசலில் கருங்கல் பலகையில் கட்டடத்தின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கவும் மனமுவந்து பணம் அனுப்புகிறார்கள். விளக்கும் பூட்டும் கேட்டால், வாடகை வாங்கும் வீட்டுக்கு இவ்வளவு செலவா என்று கேட்கிறார்கள். இதில் துவேஷமில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கருணைக்கு வேலையில்லை, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியவைப்பது சங்கத்தின் காரியம்.

பொது இடம் ஏன் பாழாகிறது என்பதைப் பற்றி வெகுதூரத்துக் கதை ஒன்று சொல்லுகிறேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1950-களின் மத்தியில் ஏழைகளுக்கென்று பதினோரு மாடிக் கட்டடங்களாக 33 கட்டடங்களை எழுப்பி, புரூயிட்-ஐகோ என்று பெயரிட்டார்கள். இருபது வருஷம் நிறைவதற்குள், 1972-இல், அரசாங்கமே அவற்றை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கிற்று. ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார்: இரண்டே குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட படித்திருப்பங்கள் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாகவும் பத்திரமாகவும் இருந்தன, இருபது குடும்பங்கள் பங்கிட்ட தாழ்வாரங்களோ எல்லோருக்கும் சொந்தமாகி ஒருவருக்கும் சொந்தமில்லாமல் சீரழிந்தன. அக்குடியிருப்பின் வீழ்ச்சிக்குப் பராமரிப்புக்குப் பணமில்லாமற்போனது முதலிய வேறு காரணங்களும் உண்டென்று பின்வந்தோர் வாதித்தார்கள். அந்த வாதமும் நியாயமானதே. ஆனால் நம் ஊர்க் கட்டடங்கள் மூன்று மாடி, நான்கு மாடிக்கு மேற்படாதவை. ஒரு திருப்பத்தில் இரண்டு அல்லது நான்கு கதவுகளே இருக்கின்றன. ஒவ்வொரு திருப்பத்தின் விளக்கையும் அந்தத் திருப்பத்து வீடுகளின் பெயரில் எழுதிவைத்து, பல்பு மாற்றும் செலவை மட்டும் சங்கம் ஏற்றால், நியூமன் பார்த்த நல்ல படித்திருப்பம் நமக்குக் காசில்லாமலே வாய்க்கும். அதற்கு வாடகைக்காரர் என்றும் சொந்தக்காரர் என்றும் பேதம் பார்க்காமல் இருக்கவேண்டும். இருட்டு அந்தப் பேதம் பார்ப்பதில்லை.

இன்னொரு கதை நம்முடையது. இந்தச் சீமை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்துக்கும் முன்னால், பாளையக்காரர்கள் கையில் காவல் இருந்தது. தலக்காவல் என்றும் தேசகாவல் என்றும் இருவகையாக வழங்கிய அந்த ஏற்பாட்டில், ஊரார் காவல்காரருக்கு விளைச்சலில் ஒரு பங்கோ பணமோ கொடுப்பார்கள். களவு போனால் பொருளை மீட்டுக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அதன் மதிப்பை ஈடு செய்யவேண்டும் என்பது காவல்காரர்மேல் விழுந்த கடமை. நடைமுறையில் இந்த ஏற்பாடு மிரட்டிப் பணம் பறிக்கும் கொடுமையாகவும் சீரழிந்தது. காவல் பணம் கொடுக்காத ஊரில் களவு நடப்பதும், துப்புக்கூலி கொடுத்தால் மாடு திரும்பி வருவதும் அந்நாளில் அதிசயமல்ல. கம்பெனியார் 1801-க்குப் பின் பாளையங்களை ஒடுக்கிக் காவலைத் தம்வசம் எடுத்துக்கொண்டபோது ஊரார் முழுவதும் வருத்தப்பட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அந்நாள் தெருக்களில் திருட்டே இல்லை என்று பெருமூச்சு விடுகிறவர்கள் பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்க்காதவர்கள். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது: களவு போனால் யாரைக் கேட்பது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இன்று மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு தொகையை வாங்கி ரசீது கொடுக்கும் நம் சங்கங்களிடம், மோட்டார் சைக்கிள் போன மறுநாள் காலையில் யாரைக் கேட்பது என்று விசாரித்தால், ரசீதின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

கேட்கப்படுபவர் ஒருவர் இருக்கிறார். அவர் வாட்ச்மேன். பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற, மில்லில் உழைத்து ஓய்ந்த, கண்ணில் புரை விழத் தொடங்கிய ஒரு பெரியவர். பகலில் மோட்டார் போடுவதும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், நம் வீட்டுப் பெண்மணிகளுக்குக் கடைக்குப் போய்வருவதும், மாலையில் குழந்தைகளைப் பஸ்ஸிலிருந்து இறக்கி அழைத்துவருவதும் அவர் வேலை. இரவு முழுவதும் விழித்திருப்பதும் அவர் வேலையே. உட்கார முதுகு சாயாத ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கையில் ஒரு டார்ச். கழிப்பறைக்கு எங்கே போவார் என்று எந்தப் பொதுக்குழுவிலும் எவரும் கேட்டதில்லை. 2005-ஆம் வருஷத்துத் தனியார் காவல் நிறுவனங்கள் சட்டப்படி, நிறுவனம் அனுப்பும் காவலர் 65 வயதை எட்டாதவராக இருக்கவேண்டும், அவருடைய நடத்தையும் பூர்வோத்தரமும் விசாரிக்கப்பட்டிருக்கவேண்டும், பயிற்சி பெற்றிருக்கவேண்டும், நிறுவனம் லைசென்ஸ் வைத்திருக்கவேண்டும். நாம் நிறுவனத்தை நாடாமல், யாரோ சொன்ன ஒருவரை நேரே அமர்த்திக்கொண்டு இந்த விதிகளிலிருந்து தப்பித்துக்கொள்கிறோம். பெரியவருக்குப் பிழைப்பு, நமக்குச் சிக்கனம் என்று இருபுறமும் திருப்திதான். ஆனால் அவரிடமிருந்து எதிர்பார்ப்பது என்ன? 2025 நவம்பரில் ராஜபாளையத்தை அடுத்த தேவதானத்தில், நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலில் இரவுக் காவலில் இருந்த இருவர் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தியை எல்லோரும் வாசித்தோம். ஆயுதத்தோடு வருகிறவன் எதிரில் கைவிளக்கோடு ஒரு மனிதரை நிறுத்துவது காவலாகாது. அது அவரையே பலியாக வைப்பது. வாட்ச்மேனின் வேலை திருடனோடு மல்லுக்கு நிற்பதல்ல. வாசலைப் பார்ப்பதும், சந்தேகம் எழுந்தால் மணியை அழுத்துவதும், 100-க்கோ 112-க்கோ தகவல் சொல்வதுமே என்று எழுதிக் கொடுங்கள். அழுத்துவதற்கு ஒரு மணியையும் மாட்டிக் கொடுங்கள்.

விசாரியாமல் ஆளை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை அயனாவரம் சாட்சி. 2018 ஜூலையில், முந்நூறு வீடுகளுக்கு மேல் அடங்கிய ஒரு குடியிருப்பில், காது கேளாத பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி மாதக்கணக்கில் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தது வெளிப்பட்டது. கைதான 17 பேரில் காவலாளிகளும், லிஃப்ட் இயக்குபவர்களும், குழாய் வேலைக்காரரும் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அங்கே கேட் இருந்தது, ஆளும் இருந்தது, லிஃப்ட்டும் இருந்தது. உள்ளே வருகிறவரைத் தடுப்பதற்கென்று வைத்தவர்களே உள்ளிருந்த குழந்தைக்கு யமனானார்கள். அந்தக் கட்டடத்து மொட்டைமாடியும் உபயோகமில்லாத அறைகளும் யாருடைய கண்பார்வையில் இருந்தன என்ற கேள்வியை நம் கட்டடங்களுக்குத் திருப்பிப் போட்டுக்கொள்வது நல்லது. எங்கள் மோட்டார் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் உண்டு, பூட்டு இல்லை.

இனிக் கேமரா. சங்கத்தார் மனம் இளகிப் பாதுகாப்புக்கு ஏதாவது செய்யலாம் என்று தீர்மானித்தால், அந்த ஏதாவது என்பது நூற்றுக்குத் தொண்ணூறு கேமராவாகத்தான் இருக்கிறது. சென்னையில் ஏ. கே. விசுவநாதன் போலீஸ் கமிஷனராக இருந்த காலத்தில் மூன்றாவது கண் என்று பெயரிட்டு அந்நகரத்துத் தெருக்களிலெல்லாம் கேமரா பொருத்தும் இயக்கம் நடந்தது. அதனால் குற்றவாளிகள் விரைவில் பிடிபட்டதையும் நான் மறுக்கவில்லை. எங்கள் கட்டடத்திலும் கேமரா இருக்கிறது. அதன் கண்ணாடி மூடிக்குள் சிலந்தி ஒன்று குடித்தனம் நடத்துகிறது. அதற்காவது வாடகை இல்லை. பதிவு செய்யும் பெட்டி, முன்னாள் காரியதரிசியின் வீட்டில், அவர் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போனபோது பூட்டிய கதவுக்குள் இருந்தது. மோட்டார் சைக்கிள் போன தினத்தின் காட்சியைக் கேட்டபோது, பெட்டியின் கடிகாரம் வேறு வருஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

என் தொழிலைச் சேர்ந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லவேண்டும். இரவில் வீடு புகுந்து திருடிய வழக்கு என்றால் எங்கள் நாவில் பல காலமாகத் தண்டனைச் சட்டப் பிரிவுகள் 457, 380 என்றே வரும். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து, புதிய தண்டனைச் சட்டத்தில், அது 331, 305 என்று மாறியிருக்கிறது. சாட்சியச் சட்டமும் அன்றே மாறி, கேமராக் காட்சி போன்ற மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்குப் பழைய 65பி பிரிவு கேட்ட சான்றிதழை, இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு கேட்கிறது. கருவி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, அது இன்னார் பொறுப்பில் இருந்தது என்று பொறுப்புள்ள ஒருவர் கையெழுத்திடவேண்டும். நிபுணர் ஒருவரும் தம் பங்குக்குக் கையெழுத்திடவேண்டும். சான்றிதழ் கட்டாயம் என்பதைப் பழைய சட்டத்தின் கீழேயே உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒரு தீர்ப்பில் அறுதியிட்டுச் சொல்லியிருக்கிறது. எங்கள் கட்டடத்தில் அந்தக் கையெழுத்தைப் போடுபவர் யார்? பெட்டி யார் பொறுப்பு என்று எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஆகவே நாம் பணம் கொடுத்து வாங்கியது சாட்சியுமல்ல, காவலுமல்ல. வாசலில் ஓர் அலங்காரம். கேமராவின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு மனிதரின் பெயரை எழுதுங்கள். வாரம் ஒருமுறை கடிகாரத்தையும் பதிவையும் சரிபார்த்து நோட்டில் கையெழுத்திடுவது அவர் கடமை என்றும் எழுதுங்கள். அந்தக் கண் எந்த வீட்டு வாசலுக்குள்ளும் எட்டிப்பார்க்கலாகாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், பலர் சேர்ந்து வசிக்கும் வீட்டின் உட்பகுதியில் மற்றவர் சம்மதமின்றிக் கேமரா இயக்கலாகாதென்று தீர்ப்பளிக்க, உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. பயந்துபோன சங்கங்கள் சில, மொட்டைமாடிக் கதவுக்கும் படிக்கட்டு இரும்புக் கதவுக்கும் பெரிய பூட்டுகளைத் தொங்கவிட்டுச் சாவியை ஒருவர் வீட்டில் வைத்துவிடுகின்றன. சிவகாசி நமக்கு அடுத்த ஊர். பட்டாசு ஆலையில் கதவு வெளிப்புறமாகத் திறக்கவேண்டும், வழியில் எதுவும் இருக்கக்கூடாது என்பது இந்த ஜில்லாவில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். கீழ்த்தளத்தில் நெருக்கியடித்து நிற்கும் வண்டிகளும் மீட்டர் பலகையும் ஒரே இடத்தில் இருக்க, அங்கே தீப்பற்றினால் புகை படிக்கட்டு வழியாகத்தான் ஏறும். உள்ளிருப்பவர் சாவியில்லாமல் திறக்கவும், வெளியிலிருப்பவர் சாவியில்லாமல் திறக்க முடியாமலிருக்கவும் கூடிய பூட்டுகள் கடையிலே கிடைக்கின்றன. சற்று விலை அதிகம்.

நாய் வளர்க்கலாமே என்று ராஜபாளையத்தில் ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். 2005-இல் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய வெள்ளை நாய்க்கு உரியது என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அது ஒரே எஜமானனுக்கு அடங்கும் ஜாதி. இருபத்து நான்கு பங்குதாரர்களுக்கும் அவர்களுடைய குடித்தனக்காரர்களுக்கும் அடங்காது.

தங்கள் பக்கத்து ஆக்ஷேபணை ஒன்று எனக்குத் தெரியும்: வாடகைக்கு வருகிறவர் யார், எவர் என்று தெரியவில்லையே, அவர்களை எப்படிக் கூட்டத்தில் உட்காரவைப்பது என்பது. இந்த அச்சத்தில் நியாயமுண்டு. ஆனால் அதற்குச் சங்கங்கள் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம், கல்யாணமாகாத இளைஞர்களுக்கு வீடு இல்லை என்று வாசலில் எழுதி ஒட்டுவதும், வீட்டு வேலைக்கு வரும் பெண்களை லிஃப்ட்டில் ஏறலாகாதென்று தடுப்பதுமாக இருக்கிறது. முழங்கால் வலிக்கும் ஒருத்தியைப் படியேற வைப்பதால் எந்தத் திருட்டு நின்றது? வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் முடித்து, வாடகை அதிகார அமைப்பில் பதிவுசெய்யச் சொல்லும் சட்டம் அமலில் இருக்கிறது. அப்படிப் பதிவு செய்தாலே குடியிருப்பவர் யார் என்பது சர்க்கார் ஏட்டில் ஏறிவிடும். வாடகை வருமானம் ஏட்டில் ஏறவேண்டாம் என்று பதிவைத் தவிர்க்கிற உரிமையாளர், குடித்தனக்காரரின் பூர்வோத்தரம் தெரியவில்லை என்று பொதுக்குழுவில் கவலைப்படுவது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. எங்கள் அடையாளச் சீட்டுகளைச் சங்கத்தின் கோப்பில் வைக்க எங்களில் பெரும்பாலோருக்குத் தடையில்லை. அந்தக் கோப்பை மீட்டர் பலகையின்மேல் வைக்காதிருந்தால் போதும்.

செலவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. விளக்கு, மணி, பூட்டு, ஒரு நல்ல நாற்காலி ஆகிய இவை, சென்ற தடவை அடித்த வர்ணத்தின் செலவுக்கு அருகிலும் வரமாட்டா. கேமராவும் லைசென்ஸ் பெற்ற காவல் நிறுவனமும் வேண்டுமென்றால் மாதக் கட்டணம் உயரும். அந்த உயர்வில் வசிப்பவர் பங்கு இவ்வளவு, உரிமையாளர் பங்கு இவ்வளவு என்று பேசித் தீர்க்க நாங்கள் தயார். கொடுப்பவரைக் கலந்து பேசவேண்டும் என்பதே கோரிக்கை.

ஆகையால் தாங்கள் செய்யவேண்டியது இது. பொதுக்குழுவைத் தேர் முடிந்து கூட்டாமல், ஆடிப்பூரத்துக்கு முன்பாகவே கூட்டுங்கள். தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவ்வூரை அடுத்த திருவண்ணாமலை மலையடிவாரத்திலும் ஊரே திரண்டு நிற்க, மாடிவீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் நாள்கள் அதற்குப் பின்தான் வருகின்றன. அழைப்பை உரிமையாளருக்கு அனுப்பும்போதே, வசிப்பவரின் கதவிலும் ஒரு பிரதி ஒட்டுங்கள். பாதுகாப்புக்கென்று ஒரு சிறு குழு அமைத்து அதில் பாதி இடம் குடித்தனக்காரர்களுக்கு, அதிலும் ஒன்றாவது இரவுப்பணி முடிந்து தனியே படியேறி வரும் ஒரு பெண்ணுக்கு என்று துணைவிதியில் திருத்தம் கொண்டுவந்து, விசேஷத் தீர்மானமாக நிறைவேற்றிப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். தீர்மானத்தின் நகலை எழுதித் தருவதற்கு நான் கூலி கேட்கமாட்டேன். ஊரைவிட்டுப் போகும் குடும்பங்கள் வீடு பூட்டியிருக்கும் விவரத்தைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வரும்போது பார்ப்பார்கள். அதைச் சொல்லவேண்டிய பொறுப்பையும் அந்தக் குழுவிடம் விட்டுவிடலாம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்காமல், மாலை ஏழு மணிக்கு மேல், எங்கள் இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே நாற்காலி போட்டு நடத்தும்படியும், வெளியூர் அங்கத்தினர்களுக்குக் கைப்பேசியில் அதைக் காட்டும்படியும் கேட்டுக்கொள்கிறேன்; கைவிளக்கை நான் கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கட்டடங்களில் ஒன்றில் குடியிருக்கும்
ஒரு வக்கீல் குமாஸ்தா
ராஜபாளையம்